மலையில் பனி என்று போட்டுவிடுங்கள், ஐயா

நாகல் நகர், திண்டுக்கல்.
4-12-1961

உயர்திரு பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

சாக்குக் கடை பெருமாள்சாமி மகள் முத்துப்பேச்சி, பதினோராம் வகுப்பு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். வருகிற கடிதங்களை அச்சடித்து ஊருக்கே காட்டுவதுதான் உங்கள் வேலை என்று தெரியும். இதை மட்டும் காட்டாதீர்கள். அச்சுக் கோக்கிறவரிடம்கூட வேண்டாம். அவருக்குத் திண்டுக்கல்லில் ஒரு சொந்தக்காரர் இருந்தாலும் என் கதை முடிந்தது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா, கடை எல்லாம் சௌக்கியம். நான்தான் சௌக்கியமாக இல்லை. சாக்கு அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சிம்னி விளக்கைச் சாக்கில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் அத்தை ராக்கம்மாள் கொடைக்கானல் மலையில் பூண்டு வெள்ளாமை செய்கிறார். அவர் மகன் குருசாமி மச்சானுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. மச்சான் கெட்டவர் இல்லை, போன முறை வந்தபோது ஒரு கூடை பேரிக்காய் கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனார். ஆனால் தையில் கல்யாணம் என்றால் பங்குனியில் நான் எழுத வேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை யார் எழுதுவது? அப்பாவிடம் கேட்டேன். "பொட்டப்பிள்ளைக்கு எம்புட்டுப் படிப்புத்தான் வேணும் தாயி? பேப்பர் வாசிக்கத் தெரிஞ்சாப் போதாதா?" என்றார். போதும் என்றால் போதும் என்று நானும் அந்தப் பேப்பரையே கையில் எடுத்தேன்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அடுப்பில் பொங்கிய சோற்றில் கை நனைத்தால்தான் பரிசம் போடலாம். கை நனைக்காமல் ஒரு வெற்றிலைகூட மாற்ற முடியாது. கார்த்திகை முடிவதற்குள் மலைக்குப் போய்வருவதாக இருந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி மீது சாக்கு மூட்டை விழுந்து நொறுங்கியதிலிருந்து, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் கடையில் உட்கார்ந்து உங்கள் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கிறேன். கேட்க இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் பேகம்பூர் மெத்தைக்கார சனாவுல்லா பாய், அவருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. இன்னொருவர் பால்கார ஒச்சப்பன், அவருக்கு எந்த எழுத்தும் ஓடாது. நீங்கள் ஒரு நாள், "மலைப்பகுதிகளில் வானம் நிர்மலமாக இருக்கும், இரவில் லேசான பனி இருக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். நான், "மலைப்பகுதிகளில் மாசி முடியும் வரை கடும் பனி, பிரயாணிகள் ஜாக்கிரதை" என்று வாசித்தேன். சொல்லப்போனால் உங்களுடையதைவிட என்னுடையதுதான் நன்றாக இருந்தது. இருக்கலாம், போகலாம் என்று ஊசலாடாமல் தீர்மானமாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன். அப்பா அசையவில்லை. "பனின்னா என்ன, கம்பளியப் போத்திக்கிட்டுப் போவோம்" என்றார். மறுநாள் நான் ஓடைத் தண்ணீரைக் கட்டியாக்கினேன். "அப்ப வண்டி ஓடையில இறங்காம மேலயே போயிரும், நல்லதுதானே" என்றார் ஒச்சப்பன். அதற்கு அடுத்த நாள் வேறு வழியில்லாமல் பூகோளப் புத்தகத்தைத் துணைக்கு அழைத்தேன். அதில் வடதுருவப் பாடம் எனக்கு மனப்பாடம். வேகத்தில் வெள்ளைக் கரடியும் வந்துவிட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏத்தா, நம்ம மலையில கரடி கருப்புல்ல?" நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டேன். "குளிர்ல வெளுத்துப்போச்சாம்ப்பா, பேப்பர்ல போட்டிருக்கு" என்றேன். சனாவுல்லா பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லா! ரோமமே வெளுத்துப்போச்சுன்னா உள்ள இருக்கிற கறி என்ன ஆயிருக்கும்?" என்றார். "அத இன்னொருக்கா வாசி தாயி" என்று அப்பா சொன்னபோதுதான் ஐயா, பொய் சொல்வதைவிட அதே பொய்யை அதே வார்த்தையில் திருப்பிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

பயணம் நின்றது. அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "பேப்பர்காரனுக்கு நம்ம வீட்டு விசேஷம் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் பனி நிற்கவில்லை. மலையிலிருந்து அது இறங்கி வரும் என்று ஒச்சப்பன் எருமைக்கு எங்கள் கடைச் சாக்கில் சட்டை தைத்துப் போட்டார். எருமை மிரண்டு தெருத்தெருவாக ஓடி, சட்டையோடு கோட்டைக்குளத்தில் இறங்கி, சாயங்காலம் வரை ஏறவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் காப்பி இல்லை. சனாவுல்லா பாய் மெத்தையை விட்டுவிட்டுச் சாக்குக்குள் பஞ்சடைத்து ரஜாய் தைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றைப் போர்த்திப் படுத்த அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்க்குரு. சொறிந்துகொண்டே, "பாத்தியா, குளிர்ல தோலு வெடிக்குது" என்கிறார். இது போதாதென்று, மலையில் தன் தங்கச்சி, அதாவது எங்கள் அத்தை, விறைத்துப்போய்விடக் கூடாதே என்று பூண்டு லாரியில் ஒரு கட்டுச் சாக்கையும், லாரிக்காரர் வாய்மொழியாகப் பேப்பர் சேதி முழுவதையும் அப்பா மலைக்கு அனுப்பிவைத்தார். வெள்ளைக் கரடி உள்பட.

இப்போது ஆபத்து என்னவென்றால், நாளை மறுநாள் மதுரையிலிருந்து அப்பாவின் புதுக் கண்ணாடி வருகிறது. பேப்பரையெல்லாம் அவர் பெட்டியில் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறார். கண்ணாடி போட்டதும் முதல் வேலையாக அந்தக் கரடியைத் தேடுவார்.

ஆகவே நாளைக் காலைத் தபாலில் இது போகும். கிடைத்த உடனே, "மலைப்பகுதிகளில் மாசி முடியும் வரை கடும் பனி" என்று ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள். புதுப் பேப்பரில் பனி இருந்தால் பழைய பேப்பர்க் கரடியை நான் சமாளித்துக்கொள்வேன். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்கவில்லை. வடதுருவத்தைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவரத் தெரிந்த பெண் பூகோளத்தில் தேறாமல் போவாளா என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் படித்ததற்கே இம்புட்டுச் செய்ய முடிகிறது. முழுதாகப் படித்தால் என்னவெல்லாம் செய்வேன் என்றுதான் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. பயப்படட்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதற்காகப் பரீட்சையை விட முடியாது.

தங்கள் பத்திரிகை நாலு ஊருக்கும் பரவி, காகிதத் தட்டுப்பாடில்லாமல், பிழையில்லாமல் ஓங்கி வளரட்டும். வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என் அன்பு. பரீட்சைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பத்திரிகையை நாள்தோறும் திருத்தி வாசிக்கும்,
பெ. முத்துப்பேச்சி

பின்குறிப்பு: ஐயா, உறையை ஒட்டப்போகும்போது வாசலில் லாரி வந்து நின்றது. பேச்சுச் சத்தம் இந்த அறைக்குள் தெளிவாகக் கேட்கிறது. அத்தையே மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, கரடி வெளுக்கிற குளிர்ல நாங்க அங்க கெடக்கவா? மாசி வரைக்கும் இங்கனதான். நீங்க மேல வர வேணாம். எங்க வீட்டு அடுப்பையே பேத்துக் கொண்டாந்துட்டேன், அரிசி, பானை, வெஞ்சனத்துக்கு மொச்சை, அம்புட்டும் லாரியில இருக்கு. விடியவும் பொங்குறேன், கை நனைச்சிருங்க!" என்கிறார். அப்பா, "அடி ஆத்தி, இது நமக்குத் தோணலையே!" என்று சிரிக்கிறார். ஐயா, நான் எழுப்பிய பனியே மாப்பிள்ளை வீட்டை அடுப்போடு பெயர்த்துக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவிட்டது.

உடனே மலையில் கடும் வெயில் என்று போடச் சொல்லத்தான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன். அதற்குள் அப்பா அம்மாவிடம் சொல்கிறார்: "பேச்சிய எழுப்பி அந்தப் பேப்பரையெல்லாம் எடுக்கச் சொல்லு. மாப்ள நல்லா எழுத்துக் கூட்டி வாசிப்பாப்லயாம். கரடிய அவரு வாயால கேப்போம்." மச்சானுக்கு வாசிக்கத் தெரியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே ஐயா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பனி வேண்டாம், வெயிலும் வேண்டாம், நீங்கள் ஒரு வரியும் போட வேண்டாம். மலையில் பனி இல்லை. எனக்குப் பரீட்சை இருக்கிறது. அது முடியாமல் இந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. மச்சான் வாய் திறப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நானே அத்தனை பேர் முன்னாலும் ஒரு வார்த்தை மாற்றாமல், சத்தமாக

கதவைத் தட்டுகிறார்கள். இந்தா வாரேன்ப்பா, வந்து நானே வாசிக்