முணுமுணுக்காத மூவர்

"ரூம் ரொம்ப நல்லா இருக்குடா," என்றார் ஃபுல்வியோ.

காப்பிக்குள் பாதி முங்கியிருந்த ஃபொக்காச்சா ரொட்டியோடு ஓரெஸ்தேயின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"ரூம். நல்லா இருக்கு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினோம்."

"மெத்தை?"

"பஞ்சு."

"நேத்து போட்டாங்களே, பெஸ்தோன்னு ஒண்ணு?"

ஃபுல்வியோவின் மீசை ஒரு கணம் துடித்தது. நேற்று பாஸ்தாவின் மேல் ஊற்றியிருந்த அந்தப் பச்சைக் குழம்பை ஜெனோவாவில் பூனைகூட முகர்ந்து பார்க்காது.

"அதுவும்... பரவாயில்லை."

மேஜையில் இருந்த மற்ற இருவரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்க்கத் திரும்பினார்கள்.

ஓரெஸ்தே ரொட்டியைக் கீழே வைத்தார். முப்பத்துநான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட் இல்லாதவன் ஓட மாட்டான், ஒளிய மாட்டான். ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பான். ரொம்ப நேரம் பார்ப்பான்.

என்னவோ நடக்கிறது.

ஜெனோவாக்காரனுக்கு முணுமுணுப்பு பிறப்புரிமை. அந்தக் காலத்தில் கப்பலுக்கு ஆள் எடுக்கும்போதே இரண்டு விதமாகக் கூலி பேசுவார்களாம். வாயை மூடிக்கொண்டு வந்தால் இவ்வளவு, முணுமுணுத்துக்கொண்டு வந்தால் அதைவிடக் குறைவு. நம் ஆட்கள் குறைந்த கூலியையே கேட்டு வாங்கிக்கொண்டு, அது குறைவாக இருக்கிறதே என்று முணுமுணுத்தபடி ஏறுவார்களாம். அந்த ரத்தத்தில் வந்த மூன்று பேர் இதோ மார்செய் துறைமுகத்தில் நிற்கிற உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில், காலை எட்டு மணிக்கே முப்பத்தைந்து டிகிரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, 'பரவாயில்லை' என்கிறார்கள்.

"ஆர்மிதோ, நெத்தியில என்னடா புடைப்பு?"

ஆர்மிதோ நெற்றியைத் தடவிக்கொண்டார். "இதுவா? பொறந்ததிலேர்ந்து இருக்கு."

"ஐம்பது வருஷமா உன்னைத் தெரியும். நேத்துவரைக்கும் இல்லை."

"நீ சரியாப் பார்த்திருக்க மாட்டே, கேப்டன்."

கேப்டன். அந்தச் சொல்லில்தான் ஓரெஸ்தேவுக்குச் சுருக்கென்றது.

அவர் கப்பலுக்குக் கேப்டன் இல்லை. ஜெனோவாவில், ரயில் பாலத்துக்குக் கீழே, ஒரு பந்துருட்டுக் கிளப் இருக்கிறது. மண் தரையில் சின்னப் பந்தை வீசி, அதற்கு யார் பெரிய பந்தை நெருக்கமாக உருட்டுகிறார்கள் என்று பார்க்கிற ஆட்டம். ஓரெஸ்தே, ஃபுல்வியோ, நூச்சோ, ஆர்மிதோ, இந்த நான்கு பேரும் ஓர் அணி. பத்தொன்பது வருஷமாக ஓரெஸ்தேதான் கேப்டன். எந்தப் பந்து நெருக்கம் என்று அளக்கிற நாடா கேப்டனிடம்தான் இருக்கும். ஓரெஸ்தே அதைக் கப்பலுக்கும் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தார். அவர் பையிலிருந்து அது வெளியே போவது குளிக்கும்போது மட்டும்.

செப்டம்பரில் கேப்டன் தேர்வு. போன வசந்தத்தில், இறுதி ஆட்டத்தில், குழந்தைகூட உருட்டியிருக்கக்கூடிய ஒரு பந்தை ஓரெஸ்தே வேலிக்கு அனுப்பியிருந்தார். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் கிளப்பில் ஈவோ சேர்ந்தான். மெக்கானிக். நாற்பத்தெட்டு வயதுப் பொடியன். கண்ணாடி போடாமலே இருபது மீட்டர் தூரத்துப் பந்து தெரிகிறதாம் அவனுக்கு.

இப்போது யோசித்தால் எல்லாம் கோத்தாற்போல் வந்தது. மனைவிமார் பேரப்பிள்ளைகளோடு மலைக்குப் போகப்போவதாகச் சொன்னதும், 'நாம நாலு பேரும் கப்பல்ல போவோமா' என்று முதலில் கேட்டது யார்? நூச்சோ. மூவரும் ஒரு பெரிய அறையில் தங்க, ஓரெஸ்தேவுக்கு மட்டும் பக்கத்தில் தனியறை வேண்டும் என்றது யார்? மூவரும். அவர் குறட்டை விடுகிறாராம்!

அறைகளைத் தேடிப் பிடித்தது மட்டும்தான் ஓரெஸ்தே. நாலு மாதம் அலைந்து, தங்கை மகனைப் பிடித்து, பால்கனியோடு, தள்ளுபடியில். ஏறுகிற நாளன்று படிக்கட்டில் நின்று அதைப் பற்றி ஒரு சின்ன உரைகூட ஆற்றினார். மூவரும் கைகட்டிக் கேட்டார்கள். அதுவும் இப்போது சந்தேகமாக இருந்தது.

அன்று மத்தியானம், ஊரே தூங்குகிற இரண்டு மணிக்கு, ஓரெஸ்தே தம் பால்கனியின் கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்தார். அந்த இடுக்கை ஒட்டி நாற்காலியைப் போட்டார். பக்கத்து அறையின் பால்கனிக்கும் இதற்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். காதை நீட்டினால் போதும்.

வெயில் அடித்தது. அது அவருக்கு ஒரு பொருட்டில்லை. வெயில் யாரையும் கொன்றதில்லை, கழுத்தில் படுகிற குளிர்காற்றுதான் கொல்லும் என்பது அவருடைய மதம். ஜூலை மாதத்திலும் உள்ளே கம்பளி பனியன் போடுகிறவர். ஏறிய அன்றே ஏசி காற்று வருகிற சல்லடையை விளையாட்டுப் பத்திரிகையால் மூடி ஒட்டியாகிவிட்டது. துவைத்த இன்னொரு பனியன் பால்கனிக் கதவில் தொங்கியது.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பக்கத்து அறையில் யாரோ புரண்டார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். குசுகுசுவென்று பேச்சு.

"...இனிமே முடியாதுடா." அது நூச்சோ.

"உஷ்! அவன் காதுல விழப்போகுது." அது ஃபுல்வியோ.

பிறகு கதவு திறந்து மூடுகிற ஓசை. ஓரெஸ்தே தாவிச் சென்று தம் அறைக்கதவின் துளையில் கண்ணை வைத்தார். மூவரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனை நடை நடந்து, நடைபாதையில் போனார்கள். நூச்சோவின் தோளில் ஒரு கடற்கரைப் பை. பை புடைத்திருந்தது.

நாலரைக்கு மேல்தளத்தில் மூவரையும் பிடித்தார்.

"எங்கேடா போயிருந்தீங்க?"

"எங்கேயும் போகலியே. ரூம்ல தூங்கினோம்," என்றார் நூச்சோ. முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர், கசப்பு மருந்தைக்கூட முகம் மாறாமல் இனிப்பு என்று விற்றவர்.

"ஏசி எல்லாம்?"

"சும்மா ஜில்லுனு."

நூச்சோவின் கன்னத்தில் வட்டமாக ஓர் அச்சு. பொத்தான் பதிந்த மாதிரி. எந்த அறையின் தலையணையில் பொத்தான் இருக்கிறது?

மறுநாள் பார்சலோனா. ஊர் பார்க்க இறங்கிய நான்கு பேரும் வெயில் தாங்காமல் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். ஓரெஸ்தே ஒன்றரைக்கே தம் இடத்தில் உட்கார்ந்தார். நேற்று சரியாகக் கேட்கவில்லை என்பதால் இன்று கதவு இரண்டு சாண். அவர் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், சொல்லிவைத்தாற்போல் மூவரும் பையோடு கிளம்பினார்கள்.

இன்று சீக்கிரம் போகிறார்கள்! விஷயம் முற்றுகிறது!

அந்த நேரம் பார்த்து அறையைச் சுத்தம் செய்கிற ரோமெல் வந்தான். பிலிப்பைன்ஸ்காரன். கப்பலில் பன்னிரண்டு வருஷமாக இத்தாலிக்காரர்களோடு மல்லுக்கட்டி, அவர்கள் மொழியை அவர்களைவிட வேகமாகப் பேசுகிறவன்.

"சார், அந்த பனியன்... அதைக் கொஞ்சம் கதவுலேர்ந்து எடுத்துடலாமா?"

"ஏன்?"

"இல்ல சார், அதுக்குப் பின்னாடி..."

"பின்னாடி என்ன? பக்கத்து ரூம்லேர்ந்து என்னைப் பார்க்கணுமா? அவங்க எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?"

"யாரு சார்?"

"தெரியாத மாதிரி கேக்குறான் பாரு! பனியனைத் தொட்டே, தொலைச்சுடுவேன்!"

ரோமெல் துண்டுகளை வைத்துவிட்டு, போகிற போக்கில் அந்தக் கதவை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான். இவனும் அவர்கள் கூட்டுதான் என்று ஓரெஸ்தே குறித்துக்கொண்டார்.

கடைசி ஆணி மாலையில் இறங்கியது. ஐஸ்கிரீம் வாங்குகிற வரிசையில் ஃபுல்வியோவின் கைப்பேசி ஒலித்தது. திரையில் பெயர்: ஈவோ.

ஃபுல்வியோ பதறிப்போய்க் கைப்பேசியை அணைத்தார். "ராங் நம்பர்."

"பேரு வருதேடா!"

"பேரும் ராங்."

அன்றைக்கு ஓரெஸ்தேவுக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை. கப்பல் அடுத்து நிற்கிற நாப்போலி வருவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பத்தொன்பது வருஷம்! எத்தனை பந்து, எத்தனை சண்டை, எத்தனை முறை மண்ணில் மண்டியிட்டு அந்த நாடாவை விரித்திருப்பார்! கிளப்புக்கு இனி எந்த முகத்தோடு போவது? ஓரமாக நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிற கிழவர்கள் வரிசை ஒன்று உண்டு. அதில் ஓர் இடம் காலியாக இருந்தது அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவந்து போனது.

மூன்றாம் நாள், மத்தியானம் ஒரு மணி. ஓரெஸ்தே ஒரு முடிவோடு இருந்தார். பால்கனிக் கதவை முழுசாகத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு ஷூவைச் செருகினார். இன்று அவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். கேட்டது.

"கேப்டனுக்குத் தெரிஞ்சா..." என்று ஆர்மிதோவின் குரல் தொடங்க, "வாயை மூடிட்டு நட," என்றது ஃபுல்வியோவின் குரல்.

இந்த முறை அவர் துளையில் கண் வைக்கவில்லை. கதவு, ஷூ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை ஷூவோடு பின்னாலேயே போனார்.

இரண்டு மாடி இறங்கினார்கள். கடைகளைத் தாண்டினார்கள். மாலையில் மட்டும் திறக்கிற நாடக அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஓரெஸ்தே நூறுவரை எண்ணிவிட்டுக் கதவைத் தள்ளினார்.

அரையிருட்டு. குகை மாதிரி குளிர். நடு வரிசையில் மூன்று தலைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல், ஆடாமல் அசையாமல். ரகசிய ஆலோசனை!

"துரோகிகளா!"

மூன்று தலைகளும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தன. ஆர்மிதோவின் மடியிலிருந்து ஒரு தலையணை உருண்டது.

"இந்தாங்கடா, பிடிங்க!" ஓரெஸ்தே அளவு நாடாவை உருவி வீசினார். அது நூச்சோவின் மடியில் போய் விழுந்தது. "ஓட்டுப் போட்டு என்னை அவமானப்படுத்த வேணாம். ஈவோகிட்டயே குடுத்துடுங்க! அவனுக்குத்தான் இருபது மீட்டர்ல கண்ணு தெரியுதாமே!"

"ஈவோவா?" ஃபுல்வியோ கண்ணைக் கசக்கினார். "அவனுக்கு எதுக்குடா இது?"

"கேப்டன் ஆக்கத்தானே அவன்கூடப் போன்ல பேசுறீங்க?"

"அட மடையா, அவன் ஏசி மெக்கானிக்டா! எங்க ரூம் ஏசி நின்னுபோச்சு, என்ன பண்றதுன்னு கேக்கப் போன் பண்ணோம், அதுக்குத்தான் அவன் திருப்பிக் கூப்பிட்டான்!"

"ஏசி... ஜில்லுன்னு இருக்குன்னு சொன்னீங்களே?"

நூச்சோ வெடித்தார். மூன்று நாளாக அடைத்துவைத்திருந்தது அத்தனையும் மடை உடைந்து வந்தது. "ஜில்லா? சூளைடா அது! மத்தியானம் கண்ணை மூடினா ஏசி நின்னுடுது. நேத்து நான் வெச்சிருந்த மாத்திரையே உருகிடுச்சு. கட்டிலா அது, பலகை! ஆர்மிதோ படுக்கிறது மேலேர்ந்து இழுத்துவிடுற கட்டில், முதல் நாளே அவன் மண்டையில விழுந்துச்சு!"

"அந்தப் பெஸ்தோ!" என்றார் ஆர்மிதோ கண்ணீர் மல்க. "அந்தப் பெஸ்தோவைப் பத்தியும் சொல்லுடா!"

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"எப்படிச் சொல்றது?" என்றார் ஃபுல்வியோ. "ஏறும்போது படிக்கட்டுல நின்னு என்ன சொன்னே? 'நாலு மாசம் அலைஞ்சு பிடிச்ச ரூம். இதைப் பத்தி எவனாவது முணுமுணுத்தான், அன்னிக்கே கேப்டன் பதவியை விட்டுடுவேன்'னு சொன்னியா இல்லையா? நீ விட்டுட்டா அந்த வேலையை யாருடா பார்க்கிறது? பந்தை வேலிக்கு அனுப்பினாலும் நீதான்டா எங்க கேப்டன். அதான் பல்லைக் கடிச்சிட்டு இங்க வந்து தூங்கிட்டிருக்கோம்."

ஓரெஸ்தே மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் முதுகில் வெல்வெட்டும், வரிசையாகப் பொத்தான்களும் இருந்தன. நூச்சோ நாடாவைச் சுருட்டி அவர் சட்டைப்பையில் திரும்ப வைத்தார்.

கேப்டன் எழுந்து நின்றார். ஒற்றை ஷூவில் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றார். ஆனால் குரலில் பழைய கம்பீரம்.

"டேய்! ஏசி தானா நிக்காது. தினமும் அதே மத்தியானத்துல நிக்குதுன்னா, எவனோ வேணும்னே செய்யுறான். வாங்க மேலே!"

நடைபாதையில் ரோமெல் தள்ளுவண்டியோடு வந்தான். ஓரெஸ்தே அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடு! இவங்க ரூம் ஏசியை மத்தியானத்துல நிறுத்துறவன் யாருன்னு கேட்டுட்டு வா!"

"சார், அதைத்தான் நான்..."

"ஓடுன்னா ஓடு!"

அவன் ஓடினான். இடைப்பட்ட நேரத்தில் ஓரெஸ்தே சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் தீர்ப்பை எழுதினார்: 'என் நண்பர்களை வெயிலில் வேகவைத்தவன் எவனாக இருந்தாலும், அவன் ஒரு வருஷம் எங்கள் கிளப்பில் ஈவோவின் பந்துகளைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை அளவு நாடாவைத் தொடக் கூடாது.'

"கப்பல்காரன் எப்படிடா ஜெனோவாவுக்கு வந்து துடைப்பான்?" என்றார் ஆர்மிதோ.

"வரவைப்பேன்!" ஓரெஸ்தே கீழே கையெழுத்துப் போட்டார், 'கேப்டன்' என்று அடைப்புக்குள் எழுதினார், மற்ற மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஃபுல்வியோ அதை நான்காக மடித்து பத்திரமாகத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

ரோமெல் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"ம்... சொல்லு! பயப்படாம சொல்லு! யாரு அவன்?"

ரோமெல் நான்கு பேரையும் பார்த்தான். பிறகு ஓரெஸ்தேயின் ஒற்றை ஷூவைப் பார்த்தான்.

"சார், உங்க பால்கனிக் கதவைத் திறந்து வெச்சா இந்த ரெண்டு ரூம் ஏசியும் தானா நின்னுடும்னு, நீங்க பனியனைத் தொங்கவிட்டிருக்கீங்களே, அதுக்குப் பின்னாடிதான் எழுதி ஒட்டியிருக்கு!"