மக்டலின் அக்காவின் நேர்த்தியும் டெனிஷாவின் காதும்

எத்தாளை,
வியாழக்கிழமை.

மிலானோவில் வாழும், என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மக்டலின் அக்காவுக்கு, தம்பி பஸ்தியான் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அஜித்தாவும் மகள் டெனிஷாவும் சுகம். உங்கள் சுகத்துக்காக அந்தோனியாரிடம் மன்றாடுகிறோம். வேறொரு அலுவலாகவும் அவரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறோம், அதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கதிரையில் உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. நாளைக்கு உங்கள் பக்கம் பிளேன் ஏறுகிற ஊர்ப் பெடியன் டிலக்‌ஷன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் டெனிஷா கோவிலில் முதல் நன்மை, முதல் நற்கருணை, வாங்குகிறாள். அவள் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திப்படி, அன்றைக்குக் கோவில் வாசலில் பாண்ட் வாத்தியமும் சீனவெடியும் வைக்க வருவதாகப் போன கிழமை சொன்னீர்கள். நானும் "ஓம் அக்கா" என்றேன். அந்த ஓமைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

போன வருஷத் திருநாளன்று நடந்ததை நான் உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். அந்தோனியாரின் சுரூபம் கோவிலுக்கு வெளியே வந்ததும் ஆரோ சொல்லாமல் கொள்ளாமல் வெடியைக் கொளுத்திவிட்டான். டெனிஷா என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். தேடிப் போனால், களப்பில் கழுத்தளவு தண்ணீரில் நின்று தலையைத் திரும்பத் திரும்ப உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கிறாள். குதித்துத் தூக்கினேன். "தண்ணிக்குள்ள சத்தமில்லப்பா" என்றாள். அன்றிலிருந்து தண்ணீரில் கால் வைக்கவே பயப்படுகிறேன். நான் கடல் தொழில் செய்கிறவன், இதை ஆரிடம் போய்ச் சொல்வது?

பிறகு பிள்ளையைப் புத்தளத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு மிஸ்ஸிடம் காட்டினோம். இது விசரும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை என்றார் அவர். சத்தமும் மணமும் துணி படுவதும் டெனிஷாவுக்கு எங்களைவிடப் பல மடங்காகத் தெரிகிறதாம். "பிள்ளைய மட்டும் மாத்தப் பாக்காதீங்க, இடத்தையும் கொஞ்சம் மாத்துங்க. என்ன நடக்கப்போகுதெண்டு முன்னுக்கே சொல்லுங்க" என்றார். சரியென்று நான் இடத்தை மாற்ற வெளிக்கிட்டேன். அங்கே பிடித்தது சனியன்.

முதலில் பாண்காரர் ஸுஹைப். ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கிறவர். எங்கள் வீட்டு ஒழுங்கையில் மட்டும் பாட்டை நிறுத்தச் சொன்னேன். "அதுக்கென்னண்ணன், புள்ளக்கித்தானே" என்று உடனே நிறுத்திவிட்டார், தங்கமான மனுஷன். ஆனால் பாட்டு இல்லாமல் பாண் வந்தது ஒருவருக்கும் தெரியாமல் போய், மூன்று நாள் பாண் கிடைக்காத ஒழுங்கை முழுவதும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியது. இப்போது அவர் நீளக் கம்பில் சிவப்புத் துணி கட்டி ஓட்டோவில் செருகிக்கொண்டு வருகிறார். எங்கள் சனம் துணியைக் கண்டு பாண் வாங்குகிறது. அடுத்த ஊர்ச் சனம் வெடிமருந்து போகிறதாக்கும் என்று வேலியோடு ஒதுங்கி நிற்கிறதாம்.

அடுத்தது கோவில். ஃபாதர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். டெனிஷாவுக்குக் கதவோரத்தில் கதிரை, தூபம் வெளியே, லேஸ் வைத்த உடுப்புக்குப் பதிலாகப் பழகிப்போன பருத்திச் சட்டை. மணிக்கு என்ன செய்வது? நான்தான் மூளையைக் கசக்கி, "பெரிய வெள்ளிக்கிழமை மணிக்குப் பதிலாத் தட்டுற மரக்கட்டை கிடக்குதே ஃபாதர், அதைத் தட்டுவம்" என்றேன். நேற்றுப் பின்னேரம் ஒத்திகை. மணியடிக்கிற றொமேஷ் வாசலில் நின்று கட்டையைத் தட்டினான். ஒரு சாதாரணப் புதன்கிழமையில் பெரிய வெள்ளிச் சத்தம் கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை, அக்கா. பத்து நிமிஷத்தில் ஆரோ பெரிய ஆள் கண்ணை மூடிவிட்டார் என்று கதை பரவிவிட்டது. கோவிலில் ஏதோ பஸ்தியான் வீட்டு அலுவல் என்று இன்னொருத்தர் சொல்ல, கதை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது செத்தது நான். பெடியன்கள் என் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். முந்தலிலிருந்து அஜித்தாவின் அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினா. நான் உயிரோடு நிற்பதைக் கண்டு, "பஸ்ஸுக்குள்ள எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தனே" என்று என்னைத்தான் ஏசினா.

இத்தனை அமளிக்குள்ளும் டெனிஷா தன் கதிரையில் அசையாமல் இருந்தாள். றொமேஷ் தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவள் தலையாட்டிய பிறகுதான் தட்டினான். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை, எனக்கு என் செத்தவீட்டு அலுவல் இருந்தது.

ஆகையால் அக்கா, காலில் விழுந்து கேட்கிறேன், பாண்டும் வேண்டாம், வெடியும் வேண்டாம். நேர்த்தியை முறித்தால் அந்தோனியார் என்ன செய்வாரோ என்று பயம். முறிக்காவிட்டால் பிள்ளை களப்புக்கு ஓடிவிடுவாளோ என்று அதைவிடப் பயம். உங்களை நினைத்தால் இரண்டையும்விடப் பயம். ஊருக்குச் சாப்பாடு கொடுத்து நேர்த்தியைத் தீர்க்கலாம் என்று ஃபாதர் சொல்கிறார், சாப்பாடு சத்தம் போடாது. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற மாதிரிக் காதுமூடி ஒன்றும் சின்ன அளவில் கொண்டுவாருங்கள்.

வாசித்துவிட்டு, "தேப்பனைப் போலப் பிள்ளை" என்று சிரிக்காதீர்கள். சின்ன வயதில் திருநாள் வெடிக்குப் பயந்து நான் வள்ளத்துக்குள் ஒளிந்த கதையை நீங்கள் இன்னும் மிலானோ முழுக்கச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. நான் ஒளியவில்லை. வள்ளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஊர் பார்க்க அப்பா தடியால் அடித்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்களைக் கைவிடாமல் நடத்துவா, நீங்களும் என்னைக் கைவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் தம்பி,
பஸ்தியான்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் டெனிஷா எடுத்து வாசித்துவிட்டாள். "மக்டலின் மாமிய பாண்டோட வரச் சொல்லுங்கப்பா. ஆனா பாண்ட்காரர் கரையில தூரத்தில நிக்கோணும், நான் கைய உயத்தினாத்தான் அடிக்கோணும். வெடிய நான்தான் நீளக் கம்பால கொளுத்துவன்" என்கிறாள். பயமில்லையா என்று கேட்டேன். "எப்ப வெடிக்குமெண்டு தெரிஞ்சாப் பயமில்ல. எனக்கு ஒருத்தரும் சொல்றதில்ல, அதுதான்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வெடிக்கிற நேரம் அப்பா எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயதில் இதை முதல்தரம் ஒருவர் என்னிடம் கேட்கிறார். காதுமூடியை இரண்டாகக் கொண்டுவாருங்கள், ஒன்று பெரிய அளவு. வள்ளத்தில் ஓட்டை ஒன்றும் இருக்கவில்லை, அக்கா.