கேப்டன் போட்ட தும்மல்

இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா? ஒரு மெழுகுவத்திக்காரி மூன்று மாடி வீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். காலமெல்லாம் கடலில் கிடந்து உப்பேறிப்போன ஒரு கப்பல் கேப்டன், மீசையும் வாளுமாக, அவள் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். உள்ளே வாங்க என்று சொல்ல நாதியில்லை!

நினைக்க நினைக்கக் கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதறவேண்டாம். அவர் கப்பலைக் கண்டவரில்லை. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி விற்பவர். கேப்டன் என்பது அவர் போடும் வேஷம். மெழுகுவத்திக்காரி அவர் மனைவியின் வேஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நாலு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு துறைமுக ஊரில் வாழ்வதாகப் பேசி விளையாடுவார்கள். ஆளுக்கொரு வேஷம். நடப்பதைப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் நல்லது, சின்ன எண் விழுந்தால் கெட்டது. நியாயத்தைக் கண்ணாடிக்காரர் முடிவு செய்வார்.

அவர் நியாயம் எப்படியென்றால், போன மாதம் ஆட்டத்தில் கவர்னர் விருந்து நடக்கையில் மனைவி அசதியில் ஒரு கொட்டாவி விட்டாள். உடனே இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கவர்னர் முன்னால் மெழுகுவத்திக்காரி கொட்டாவி விட்டாள். அவமரியாதை! மேசையில் நீங்கள் செய்வதெல்லாம் வேஷம் செய்ததாகவே கொள்ளப்படும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொரு சட்டமும் உண்டு. வேஷம் செத்துப்போனால், ஆட்டம் முடியும்வரை அந்த ஆள் வாயைத் திறக்கக்கூடாது. டீ கொண்டுவருவது, எடுபிடி வேலை எல்லாம் அவர் பொறுப்பு. மைத்துனன் வாயை அடைக்கவே போட்ட சட்டம் அது. மைத்துனன், மனைவியின் தம்பி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன். ஊரில் அவன் பெயரே மோட்டார்தான். ஓட ஆரம்பித்தால் நிற்காது.

இப்படிப்பட்ட சட்டமேதையின் நிஜ வீட்டில் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. அங்கேதான் தகராறு.

மனைவி தையல்காரி. அடுப்பு மூலையில் மெஷினைப் போட்டுத் தைக்கிறாள். கல்யாணத்துக்கு என்று கொடுத்த பட்டு ரவிக்கை வெங்காய வாசனையோடு திரும்பிப் போகிறது. "அந்த ரூமைக் குடுங்க" என்று அவள் கேட்டு வாய் வலித்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கோ அது விளையாட்டு அறையாக வேண்டும். சுவரில் வாள் மாட்ட வேண்டும். வாள் இன்னும் வாங்கவில்லை. அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிக் கட்டிக்கொண்டார்கள், எப்படிச் செத்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. சரித்திரத்தைவிடத் தூசி அதிகம். தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும் உரக்கப் படித்தார். மனைவி மெஷினை மிதித்துக்கொண்டே "ம்... ம்..." என்றாள். அந்தக் கடகட சத்தத்தில் அவள் காதில் என்ன விழப்போகிறது என்று இவர் பாட்டுக்குப் படித்துத் தள்ளினார்.

ஒரு பக்கத்தில் கண் நிலைகுத்தியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்தத் தேசத்தில் அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண் தன் பேரில் கடை வைக்கலாம், வீடு வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆன மறு நொடி, எல்லாம் புருஷன் கைக்கு!

மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்தச் சின்ன ரூமுக்கு ஒரு வழி பண்ணிடலாமா? வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியறப்ப மூணு மாடி வீடு யார் கையில இருக்கோ, அவங்களுக்கே ரூம்."

மெஷின் நின்றது.

"வீடு இப்போ என் கையிலதானே இருக்கு?"

"அதான் சொல்றேன். உனக்கு என்ன பயம்?"

"சரித்திரத்துல இருக்கறபடிதான் ஆடணும். நடுவுல சட்டத்தை மாத்தக்கூடாது."

"நானா மாத்துவேன்? ஒரு எழுத்து மாறாது!"

"சரிங்க" என்று மெஷினை மிதித்தாள். கண்ணாடிக்காரர் திரும்பி நின்று, சத்தம் வராமல் ஒரு குதி குதித்தார்.

ஞாயிறு வந்தது. மேசையில் மோட்டாரும், மாடி வீட்டு அக்காவும். மோட்டாருக்கு ஊர் வைத்தியர் வேஷம். அக்கா வங்கியில் மேலாளர். இங்கே மெழுகுவத்திக்காரி வீட்டு வேலைக்காரி. வாரமெல்லாம் அதிகாரம் பண்ணுகிறவளுக்கு ஒருநாள் வேலைக்காரியாக இருந்து முதலாளியம்மாளைப் பற்றி வம்பு பேசுவதில் அப்படியொரு சந்தோஷம்.

கேப்டன் முழங்காலிட்டார். நிஜமாகவே தரையில். மூட்டு கடக் என்றது. "மாதரசியே! இந்த மழையில் நனைந்த இதயத்தை ஏற்றுக்கொள்வீர்களா?"

"யோசிக்கணுமே" என்றாள் மெழுகுவத்திக்காரி.

"அம்மா, வேணாம்மா!" என்று வேலைக்காரி குறுக்கே பாய்ந்தாள். "இந்த ஆளுக்குக் குடையே கிடையாது!"

"கேப்டனுக்கு எதுக்குக் குடை?" என்று கண்ணாடிக்காரர் சீறினார். "அக்கா, நீங்க வேலைக்காரி. கருத்துச் சொல்லக்கூடாது!"

"சரி, கட்டிக்கறேன்" என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபமாகவா? கண்ணாடிக்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் விடவில்லை. எழுந்து நின்று முழங்கினார். "கல்யாணம் ஆயிற்று! இனி கடை எனது! வீடு எனது! மெழுகு எனது! மெழுகுவத்திக்காரியின் கையுறைகூட எனது! சின்ன ரூமும்..."

"அடப்பாவி மச்சான்!" என்றான் மோட்டார்.

"இது என்ன சார் அக்கிரமம்?" என்றாள் மாடி அக்கா, வேலைக்காரி வேஷத்தையே மறந்து. "அவ உழைச்சுக் கட்டின வீடு!"

"அதான் சரித்திரம் அக்கா. எனக்கும் மனசு கேக்கலதான். நான் என்ன பண்ணட்டும்?"

மனைவி மட்டும் கையை நீட்டினாள். "எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்களேன்."

பெருமையாகப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. இருக்கு." அவர் மூக்குக்கு நேராகப் புத்தகத்தை டப்பென்று மூடினாள்.

ஒரு தூசி மேகமே கிளம்பியது.

"அ... அ... அச்சூ!"

"ஐயையோ!" என்று மெழுகுவத்திக்காரி நெஞ்சில் கை வைத்தாள். "கேப்டனுக்கு உடம்புக்கு ஆகலையே! மழையில நின்னாரே! வைத்தியரே!"

"தும்மினது நான்! கேப்டன் இல்ல!"

"மேசையில நீங்க செய்யறதெல்லாம் வேஷம் செஞ்சதுதான்னு சொன்னீங்களே. என் கொட்டாவிக்கு ஒரு நியாயம், உங்க தும்மலுக்கு ஒரு நியாயமா?"

மோட்டார் அதற்குள் மூக்கால் பேச ஆரம்பித்துவிட்டான். "நாக்கை நீட்டுங்கள் கேப்டன். ம்ம்ம். ரத்தம் மிஞ்சிவிட்டது. கொஞ்சம் எடுத்துவிடுவோம்."

"டேய்! ஜலதோஷத்துக்கு எவனாவது ரத்தம் எடுப்பானா?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி நீங்கதானே படிச்சீங்க?" என்றாள் மனைவி. "தலைவலின்னாலும் எடுத்தாங்க, காய்ச்சல்னாலும் எடுத்தாங்க, பொண்ணுங்க அழுதாக்கூட எடுத்தாங்கன்னு. கை கட்டி, கிண்ணம் வச்சு. நான் அப்போ மஞ்சள் ரவிக்கைக்குக் கை வச்சிட்டிருந்தேன்."

கண்ணாடிக்காரர் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினார். புத்தகத்தில் இருந்தது. அச்சில் இருந்தது. தன் வாயாலேயே, ஏற்ற இறக்கத்தோடு, படித்துக் காட்டியிருக்கிறார்.

மோட்டார் பகடையை உருட்டினான். இரண்டு. கேப்டன் தளர்ந்தார். "ரத்தம் போதவில்லை" என்று மறுபடி உருட்டினான். ஒன்று. கேப்டன் மயங்கினார்.

"போதும்! நான் வைத்தியம் வேணாம்கறேன்!"

"மயங்கிக் கிடக்கறவர் எப்படிங்க பேசுவாரு?" என்றாள் வேலைக்காரி, கிண்ணத்தை நீட்டிக்கொண்டு.

மூன்றாவது உருட்டல். இரண்டு.

"வருந்துகிறேன் அம்மா" என்றான் மோட்டார் மூக்கால். "சிகிச்சை வெற்றி. நோயாளிதான் போய்விட்டார்."

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ரத்தம் இழந்தவர் மாதிரியே இல்லை. "செத்தா என்ன? சொத்து என்னோடதுதானே! எங்க வம்சத்துக்கு..."

"புருஷன் இருக்கறவரைக்கும் வீட்டை அனுபவிக்கலாம்" என்றாள் மனைவி, துணியில் நூல் பிரிக்கிற நிதானத்தோடு. "அவர் போயிட்டா, அவ கொண்டுவந்த வீடு அவளுக்கே திரும்பும். விதவை தன் பேரிலேயே கடை நடத்தலாம், யாரும் கேக்க முடியாது. அடுத்த பக்கம். நீங்க அன்னிக்குத் தூக்கம் வந்து பாதியில விட்டுட்டுப் போனீங்க. நான் மீதியைப் படிச்சேன்."

"இது சதி! இது கொலை! அக்கா, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க! டேய், உனக்கு இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் டீகூட..."

"மச்சான்" என்றான் மோட்டார் இரக்கத்தோடு. "செத்தவங்க பேசக்கூடாது. நீங்க போட்ட சட்டம்."

வாய் மூடியது. மீசை மட்டும் துடித்தது.

"டீ அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் மனைவி. "முதல்ல மெஷினைச் சின்ன ரூமுக்குத் தூக்கிடுங்க. ஆட்டம் இன்னும் முடியலை."

இரும்பு மெஷின். மேசையோடு சேர்ந்த கனம். உலகத்தின் அத்தனை சரித்திர ஆசிரியர்களையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே தூக்கினார். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சமான இடத்தை மனைவி காலால் காட்டினாள். வாள் மாட்டுவதாக இருந்த சுவருக்கு நேர் கீழே. பூட்டிக் கிடந்த அறையில் ஒரு வருஷத் தூசி. வாசலைத் தாண்டும்போது தாங்கவில்லை.

"அச்சூ!"

மோட்டார் பகடையை எடுத்தான். "அக்கா! இன்னும் உயிர் இருக்கு போலிருக்கே. ரத்தம் எடுக்கவா?"

"இருடா" என்றாள் மனைவி. "மெஷினை இறக்கி வைக்கட்டும்."