உப்புத் தண்ணீரில் அட்டை இருக்காது

தேயிலைத் தோட்டத்தில் பிறந்துவிட்டு அட்டைக்குப் பயப்படுகிறவனை எங்கள் பக்கம் மனுசக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் அந்த ரகம். கொழுந்து பறிக்கும் என் அம்மா, காலில் ஏறிய அட்டையைப் பேசிக்கொண்டே பிய்த்துப் போடுவார். நானோ முழங்கால் வரை சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். (மழை பெய்தால் நுரை வரும்.)

ராகலைக்குப் போய்ப் பெண் பார்த்ததில் சுமதியை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. அடுத்த வாரம் அவள் வீட்டார் கொட்டகலையில் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. என் அட்டைக் கதையை யாராவது போட்டுக்கொடுத்தால் கல்யாணம் கோவிந்தா. அதற்குள் ஒரு வீரச் செயல் செய்தாக வேண்டுமென்று திருகோணமலைக்கு பஸ் ஏறினேன். கடலுக்கடியில் ஸ்கூபா நீச்சல், சுறாவோடு ஒரு வீடியோ. உப்புப் பட்டாலே அட்டை சுருண்டு செத்துவிடும். கடல் முழுக்க உப்பு. அங்கே எந்த அட்டை வரும்? (என்ன மூளை பாருங்கள்.)

அடியில் இறங்கியதும் பயிற்சியாளர் உள்ளங்கையை நெற்றியில் செங்குத்தாக வைத்துக் காட்டினார். மரியாதையான மனிதர் என்று நானும் கைகூப்பிக் கும்பிட்டேன். அப்புறம் கீழே குனிந்தேன். மணலில் கன்னங்கரேலென்று ஒரு முழ நீளத்தில் ஓர் அட்டை. (கடல் அட்டையாம், கடிக்காதாம். பிறகுதான் தெரியும்.) அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

படகில் வைத்து அவர் கேட்டார்: "நெத்தியில கை வச்சு சுறான்னு காட்டினேனே, பக்கத்தாலதான் போனது, கண்டீங்களா?"

கண்டதாகவே வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

உதவியாளர் எடுத்த வீடியோவைப் பயிற்சியாளர் அனுப்பிய நேரம், சுமதி வீட்டார் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பதற்குள் அக்கா புருஷன் போனைப் பிடுங்கி டீவியில் போட்டுவிட்டார். சுறா என் தோளுக்குப் பக்கத்தில் போகிறது. நான் கும்பிடுகிறேன்.

"அடேங்கப்பா, சுறாவுக்கே கும்பிடு போடுறாரு" என்றார் சுமதியின் அப்பா.

அடுத்த நொடி நான் பயிற்சியாளரின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறேன்.

"இப்ப எதுக்கு மாப்ள ஏறுறீங்க? சுறாதான் போயிருச்சே" என்றார் அவரே.

அம்மா டீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "கீழ அட்டை கெடக்குங்க. சின்னதுல இருந்தே இவனுக்கு அட்டைன்னா ஆகாது."

நான் தலையைத் தொங்கப்போட்டேன். சுமதியின் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எதுக்கும் புள்ளைக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்" என்று அவளுக்கு போன் போட்டு முழுக் கதையையும் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சரிப்பா" என்றாள் சுமதி. "சுறாவ அவங்க பாத்துக்கட்டும். அட்டைய நான் பாத்துக்கிறேன்."

இன்றும் மழைக்காலத்தில் என் காலைப் பிடித்து அட்டை எடுப்பவள் அவள்தான். என் பங்கு வேலைக்கு நானும் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறேன். கொட்டகலைக்கு இதுவரை ஒரு சுறாவும் வரவில்லை.