இருபத்துநான்கு பாட்டில் தாமிரபரணி

மூன்றாவது தண்ணீர் பாட்டிலைச் சைக்கிளில் எங்கே பொருத்துவது என்பதுதான் மாரிசெல்வத்தின் முதல் சிக்கல்.

ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கியது. இன்னொன்றைப் பழைய டியூபைக் கிழித்துக் கேரியரில் கட்டியிருந்தான். பேட்டையிலிருந்து ராதாபுரத்துக்கு அறுபது கிலோமீட்டர். சித்திரை வெயிலில் போன வாரம் இரண்டு பாட்டிலும் நாங்குநேரிக்குள் தீர்ந்துவிட்டன. அதற்கப்பால் பனைமரங்கள்தான்.

மாரிசெல்வம் பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் ஓர் இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்தான். பாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தான்.

பஸ்ஸில் போனால் இது எதுவும் வேண்டாம். ஆனால் பஸ்ஸில் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். பேட்டையிலிருந்து ஜங்ஷன் போவதற்குள் இரண்டு முறை எடுத்துவிடுவான். சிறு வயதில் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, குடும்பமே ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

இது பெண் வீட்டுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பெண்ணின் அப்பா தளவாய், திருநெல்வேலி - ராதாபுரம் பஸ்ஸின் டிரைவர்.

முப்பத்தொரு வயதுக்குள் ஏழு இடம் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. எட்டாவது இடம் நித்யா. பெண் பார்க்கப் போன அன்று, "வேன்ல இடம் பத்தாது, நான் பின்னால வாரேன்" என்று சொந்தக்காரர்களை ஏற்றி அனுப்பிவிட்டுச் சைக்கிளில் போனான். காப்பி டம்ளரை நீட்டும்போது நித்யா அவன் கண்களைப் பார்த்தாள்.

"வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போட்டுக்கிடுவியளா?"

அதுவரை அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "போடுவேன்" என்றான். பொய். மறுநாளிலிருந்து போட ஆரம்பித்தான்.

தளவாய் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பேட்டைக்கு வந்த அன்று அவருக்கு லீவு. ஆனாலும் வேறொருவரின் டியூட்டியைக் கேட்டு வாங்கி, பஸ்ஸை ஓட்டிக்கொண்டேதான் வந்தார். தொழில்மேல் அவ்வளவு பற்று என்று சொன்னார்கள். அதிகம் பேசாதவர். பூ வைத்த அன்று ஒரே ஒரு காரியம் கேட்டுக்கொண்டார்.

"எம் மகளை எங்க கூட்டிட்டுப் போனாலும், பஸ்ஸுல பக்கத்துல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போவணும் மாப்பிள. அதுக்கு நான் குடுத்துவைக்கல."

ஓயாத டியூட்டி, பாவம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "சரி மாமா" என்றான் மாரிசெல்வம்.

கல்யாணம் ஆவணியில். அதுவரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. ஆனால் வெல்டர் போகலாம். கல்யாணத்துக்குள் வாசலுக்கு ஓர் இரும்புக் கேட் போட்டாக வேண்டும் என்று தளவாயின் மனைவி இசக்கித்தாய் சொல்லியிருந்தாள். ஞாயிறுதோறும் கேட்டின் பாகங்கள் தளவாயின் பஸ் கூரையில் போயின. அவற்றைச் செய்தவன் சைக்கிளில் போனான்.

மூன்றாவது பாட்டில் பொருத்திய ஞாயிறு, நாங்குநேரிக்குச் சற்று முன்னால் பஸ் அவனை ஒட்டி நின்றது.

"ஏறும் மாப்பிள" என்றார் தளவாய்.

"இல்ல மாமா. சைக்கிள் மிதிச்சா உடம்புக்கு நல்லது."

கண்டக்டர் மதார் படியில் தொங்கியபடி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு மேல மிதிச்சா ஒம்ம உடம்புல எலும்புதான் மிஞ்சும். சைக்கிளத் தூக்கி மேல போடுதேன், ஏறும்வே."

மாரிசெல்வத்தின் கண்ணில் பாட்டில்கள் பட்டன.

"தாமிரவருணித் தண்ணி மாமா. அத்தைக்குக் கொண்டு போறேன். பஸ்ஸுல குலுங்குச்சுன்னா ருசி போயிரும்."

பஸ்ஸுக்குள் அறுபது பேர் அதைக் கேட்டார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. அந்தத் தண்ணீரைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்தப் பக்கத்தில் நம்புவார்கள். தளவாய் கியரைப் போட்டார்.

சொன்ன பொய்க்காக மூன்று பாட்டிலையும் அவன் திறக்காமல் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நாக்கு உலர்ந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "மொதல்ல தண்ணி குடிங்க" என்று இசக்கித்தாய் ஒரு செம்பு உப்புத்தண்ணீரை நீட்டினாள்.

பிறகு அவன் கொண்டுவந்ததில் பருப்பு வைத்தாள். ராதாபுரத்துத் தண்ணீரில் பருப்பு வேகாது. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் போட்ட மாதிரியே கிடக்கும்.

"ஏட்டி நித்யா! பருப்பு வெந்துட்டுட்டீ!"

அதை அவள் வாசலில் நின்று கத்தியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஆறு பாட்டில். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கும் கோயில் பூசாரிக்கும் சேர்த்துப் பதினொன்று. பழைய பேப்பர் கடையில் காலிப் பாட்டில்களை வாங்கி, விடியும் முன்னே ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்குழாயில் பிடித்தான். சைக்கிள் கம்பிகளில் வளையத்துக்குமேல் வளையமாக வெல்டிங் வைத்தான். பாட்டில் கூடியதால் பாரம் கூடியது. பாரம் கூடியதால் தாகம் கூடியது. தாகம் கூடியதால், அவன் குடிப்பதற்கென்று பாட்டில் கூடியது. இதில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தான். பிடிபடவில்லை. இன்னும் இரண்டு வளையம் வைத்தான்.

வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பதினாறு பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார்.

"என்னடே இது?"

"தண்ணி சார்."

"எல்லாமேவா?"

"ஆமா சார்."

சாராயமாக இருந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். தண்ணீர் என்றதும்தான் சந்தேகம் கூடியது. முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்.

தண்ணீர் சுடுகிறது என்று எதிர்வீட்டிலிருந்து புகார் வந்தது. பத்தமடைப் பாய் ஒன்றை நனைத்துப் பாட்டில்களைச் சுற்றிக் கட்டினான். நனைந்த பாயே தனிப் பாரம். ஆடிக் காற்றில் கட்டு அவிழ்ந்த பாய் கப்பல் பாய்போல விரிந்து, ரோடு பிரியும் வள்ளியூர் விலக்கில் சைக்கிளை வந்த வழிக்கே திருப்பிவிட்டது.

ஆனாலும் கேட் அளக்கும்போது டேப்பின் மறுமுனையை நித்யா பிடித்துக்கொள்வாள். அளந்து முடிந்த பிறகும் இருவரும் உடனே விடுவதில்லை. எட்டு அடி வாசல். அவ்வளவு தூரம் போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கேட் ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது. அளவு சரியாக வரவில்லை என்று சொல்லிச் சொல்லி நான்கு மாதம் ஆக்கியிருந்தான்.

ஒருநாள் அவளே பேசினாள்.

"அப்பா வருத்தப்படுதாவ."

"என்னத்துக்கு?"

"எல்லா ஊர்க்காரனும் ஏறுதான், எம் மாப்பிள மட்டும் ஏறமாட்டேங்காரு, என் வண்டிய மதிக்கலன்னு."

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தான்.

"எட்டேகால் அடி" என்றான்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கு முன்னால் மதார் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள, நாஞ் சொல்லுதத கேளும். வார ஞாயித்துக்கெழம வண்டியில ஏறிரும். இல்லன்னா கல்யாணத்தப் பத்தி யோசிக்கணும்னு தளவாய் சொல்லுதாரு. மூணு நாளா எங்கிட்டயும் பேசல. மனுசன் எப்பவுமே பேசமாட்டாரு, இப்ப பேசாம இருக்கது வேற மாரி இருக்கு."

"தண்ணி பாய்..."

"ஆத்துலதான் அவ்வளவு தண்ணி ஓடுதே, அது குலுங்காமலாவே ஓடுது?"

மாரிசெல்வம் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். அந்த வாரம் மட்டும் எப்படியாவது பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பேசிச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தான். கல்யாண வீட்டுக்கென்று இசக்கித்தாய் கேட்டிருந்ததையும் சேர்த்து இருபத்துநான்கு பாட்டில். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே புறப்பட்டான்.

வள்ளியூர் தாண்டி நான்கு கிலோமீட்டரில் சைக்கிள் இரண்டாக முறிந்தது. சரியாக அவன் முதல் வளையம் வைத்த இடத்தில். சூடு பட்டுப் பட்டுக் கம்பி இற்றுப்போயிருந்தது. வெல்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியும். யோசிக்கவில்லை.

இருபத்துநான்கு பாட்டிலும் ரோட்டில் உருண்டன. அவன் பன்னிரண்டைப் பொறுக்கியபோது பஸ் வந்து நின்றது.

தளவாய் முறிந்த சைக்கிளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை மாரிசெல்வம் அன்றுதான் பார்த்தான்.

"இப்ப ஏறித்தானவே ஆவணும்?"

மதார் சைக்கிளை இரண்டு தவணையாகக் கூரைக்கு ஏற்றினார். மாப்பிள்ளைக்கு மரியாதையான இடம் கொடுத்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டிய முதல் சீட்டு. டீசல் வாசமும் சூடும் நேராக முகத்துக்கு வரும். பாட்டில்கள் பின்னால் கைமாறிப் போயின. "தாமிரவருணியா? இங்கன ஒண்ணு தாங்க" என்று பயணிகள் குடித்தார்கள்.

தளவாய் அன்று பேசினார்.

"புது எஞ்சின் மாப்பிள. போன மாசந்தான் மாத்துனாவ. குலுங்குதா?"

"இல்ல மாமா."

"எம் மவ பக்கத்துல இப்படி உக்காந்து நீரு போறத நெனச்சுப் பாத்தேன். எப்படிவே இருக்கு நம்ம வண்டி?"

"நல்லாரு..."

இருபத்துநான்கு பாட்டிலில் காலியான ஒன்றுகூட அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை. கியர் கம்பியிலும், தளவாயின் காக்கிக் கால்சட்டையிலும், சாமி படத்தின் ஓரத்திலும் தெறித்தது.

பஸ் ஓரமாக நின்றது. தளவாய் மாரிசெல்வத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். ரோட்டைக் கடந்து ஒரு பனைமரத்துக்கு அந்தப் பக்கம் போனார். வெகு நேரம் அங்கேயே நின்றார். அவர் முதுகு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அது இரண்டொரு முறை குலுங்கியது. அழுகிறார் என்று மாரிசெல்வம் நினைத்தான். அவனுக்கும் அழுகை வந்தது.

திரும்பி வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். மிச்சம் எட்டு கிலோமீட்டருக்கும் ஒரு வார்த்தை இல்லை. அவன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வந்தான். இன்னும் இரண்டு முறை எடுத்தான். ஒவ்வொரு முறையும் தளவாய் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ராதாபுரத்தில் வண்டி நின்றதும் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

மாரிசெல்வம் முறிந்த சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தான். மதார் சீட்டுக்கடியில் உருண்டு கிடந்த கடைசிப் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து கொடுத்தார். அவன் வாய் கொப்பளித்தான். அந்த அறுபது கிலோமீட்டர் ரோட்டில் தாமிரபரணி இவ்வளவு ருசியாக அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

"கல்யாணம் போச்சு பாய்" என்றான். "மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்காவ. அவ்வளவு கோவம்."

மதார் அவன் தோளில் கையைப் போட்டார்.

"கோவமாவது ஒண்ணாவது! நீரு எடுக்கதப் பாத்து அவருக்கும் வந்துட்டு, பனைக்கு அந்தப் பக்கம் போயி அவரும்லா எடுத்துட்டு வந்தாரு. எந்த சீட்டுல உக்காந்தாலும் வாந்தி, ஸ்டியரிங்கப் புடிச்சா மட்டுந்தான் வராதுன்னு தெரிஞ்சுதானவே மனுசன் இந்த வேலைக்கே சேந்தாரு!"