டார்ச்சின் ஃப்ளாஸ்க்

மாலை நான்கு இருபதுக்கு, ஒரே ஒரு மிடறு இளநீரில், என் மகளின் சம்பந்தம் கவிழப் பார்த்தது. எல்லாம் எங்கள் டாலிகஞ்ச் தெருவில், பக்கத்து வீட்டு 'டார்ச்'சால் வந்தது. அந்தமானில் கலங்கரை விளக்கத்துக்கு அடுத்தபடி கப்பலுக்கு வழிகாட்டக்கூடியவை அவருடைய பற்கள்தான்.

முப்பது வருடம் பான் போட்டுச் செங்கல் நிறமாகியிருந்த பற்களை, மெயின்லேண்ட் போய் வெளுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர். கரண்ட் போனால் தெருவில் நின்று, "யாரும் பயப்படாதீங்க, நான் சிரிக்கிறேன்" என்பார். டீயை நன்றாக ஆறவைத்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார். தோளில் எப்போதும் ஒரு ஃப்ளாஸ்க். கேட்டால், "ஸ்டைல் சார், ஸ்டைல்!"

எனக்கு வயிறு எரியும். என் மகள் எடுக்கும் எல்லாப் படத்திலும் நடுவில் அவர்தான். "அப்பா, கொஞ்சம் தள்ளுங்க. டார்ச் அங்கிள், நீங்க உள்ள வாங்க." பெற்றவன் ஓரத்தில் பாதித் தோளாக இருப்பேன்.

கார் நிக்கோபார் தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் கப்பலில் வருவதாக இருந்தார்கள். இந்த ஒரு படத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று நானும் ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டரிடம் போய்ப் பல்லை வெளுத்துக்கொண்டேன். "ரெண்டு நாளைக்கு ஜில்லுனு எதுவும் வேண்டாம்" என்றார் டாக்டர். அதற்கென்ன, நம் கப்பல் என்றைக்குச் சொன்ன நாளில் வந்திருக்கிறது? மூன்று நாள் தாமதத்தை நானே கூட்டிக்கொண்டேன்.

மறுநாளே, சொன்ன நேரத்துக்குக் கப்பல் வந்து நின்றது.

"எங்க பையன உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்ட நேரம் பார்த்து, டாக்டர் சொன்னதை மறந்து, ஃப்ரிட்ஜிலிருந்து வந்த இளநீரை வாயில் வைத்தேன். மண்டை வரை மின்னல். முகம் கோணி, கண்ணில் நீர் கொட்ட, "ஐயோ!" என்றேன்.

அந்த அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "பிடிக்கலேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே? கப்பலேறி வந்திருக்கோம்." எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் காற்றே ஊசியாகக் குத்தியது, பேச முடியவில்லை. மகள் அழத் தொடங்கினாள்.

என் மனைவி சுவர் வழியாகப் போட்ட கூச்சலில் டார்ச் ஓடி வந்தார். நான் கன்னத்தைப் பிடித்திருந்ததைப் பார்த்ததுமே ஃப்ளாஸ்க்கைத் திறந்து நீட்டினார். வெதுவெதுப்பான தண்ணீர். உயிர் வந்தது.

"அரே, உக்காருங்கம்மா. இவருக்குப் பையன் மேல கோவமில்ல, பல்லு கூசுது. எனக்கும் மூணு மாசமா இதே கதிதான். ஸ்டைல்னு சொன்னத இவர் ஒருத்தர்தான் நம்புனாரு."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மகள் கண்ணைத் துடைத்துப் போனை எடுத்தாள். நான் வழக்கம்போல ஓரத்துக்கு நகர்ந்தேன். டார்ச் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னிக்கு நடுவுல நீங்க சார். வாய மூடிக்கிட்டு நில்லுங்க, காத்து படாது. உங்களுக்கும் சேத்து ஓரத்துலேர்ந்து நான் சிரிக்கிறேன்."