கல்லுக்கு வெள்ளை அடித்த கவிஞர்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் சும்மா கிடந்த எதுவும் சுண்ணாம்பு ஹவில்தாரின் கையிலிருந்து தப்பியதில்லை. ஓரக்கல், வேப்பமரத்தின் இடுப்பு, மின்கம்பத்தின் கால் எல்லாம் வெள்ளை. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய எதிர்வீட்டுக்காரர், வெளியே போட்டிருந்த தன் அம்மிக்கல்லை அடையாளம் தெரியாமல் தேடினார். "சும்மா கீதேன்னு அடிச்சேன் சார்" என்றார் ஹவில்தார், ஏதோ உபகாரம் செய்தவர் போல.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீரமெல்லாம் அவர் மனைவி தனம் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாவு மில் வரிசையில் நின்றால் போதும், பனிமலையில் எதிரியைத் துரத்திய கதையை அக்கா ஆரம்பித்துவிடுவார். நம் கோதுமை அரைபட்டு முடிவதற்குள் எதிரி எல்லை தாண்டி ஓடியிருப்பான். ஹவில்தாரோ பக்கத்தில் நின்று தரையையே பார்ப்பார். அடக்கம் என்று நினைத்தோம்.

குடியரசு தினத்துக்கு நலச்சங்கச் செயலாளர் அவரை வீடு தேடிப் போய் அழைத்தார்.

"போர்க்கள அனுபவம் பத்தி கொஞ்சம் பேசுங்க சார். எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

"பேச்சு வராது சார். கவித கீது."

செயலாளருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. மைக்செட்காரரிடம் எக்கோ வைக்கச் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் மாலை நான் ரயில் இறங்கி வரும்போது ஹவில்தார் தெருமுனைக் கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"எங்க வூட்டம்மா சொல்ற சண்ட எதையும் நான் பாத்ததே இல்ல சார். அதுவா சொல்லிக்கினு போச்சு, நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். நாளைக்கு உண்மைய படிக்கப் போறேன். அப்பால சோறு போடுமான்னு தெர்ல."

மறுநாள் கொடி ஏறியது. பட்டுப்புடவையில் முதல் வரிசையில் தனம் அக்கா. ஹவில்தார் மைக் முன்னால் விறைப்பாக நின்று ஆரம்பித்தார்.

"காலையில் கல்லுக்கு வெள்ளை அடித்தோம்.
மாலையில் மழை பெய்தது.
காலையில் கல்லுக்கு வெள்ளை அடித்தோம்."

எக்கோ புண்ணியத்தில் ஒவ்வொரு கல்லும் மூன்று முறை வெள்ளையானது.

"காலிக் கிடங்குக்குக் காவல் நின்றோம்.
ஒன்றுமே திருடு போகவில்லை.
மேஜர் முதுகில் தட்டினார்.
காலையில் கல்லுக்கு வெள்ளை அடித்தோம்."

கூட்டம் நெளிந்தது. செயலாளர் நைசாக அருகில் போனார்.

"சார், எதிரி எப்ப வருவான்?"

"அதத்தான் சார் நாங்களும் கேட்டுக்கினு இருந்தோம்."

"வந்த வரியே திரும்பத் திரும்ப வருதே சார்."

"சர்வீஸும் அப்டித்தான் சார் வந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தினமும் அதே ரயிலில் போய் அதே ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளும் என் பிழைப்பு ஞாபகம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சிரிக்காமல் இருந்தவர் தனம் அக்கா மட்டும்தான். எழுந்து நேராக மேடையேறினார். ஹவில்தார் இன்னும் விறைப்பானார்.

"அப்ப உன்ன யாரும் சுடவே இல்லியா?"

"இல்ல."

"ஒருவாட்டி கூட?"

"இல்ல தனம்."

"நீ பட்டாளத்துல இருந்தப்ப போஸ்ட்மேன் மணி அடிச்சாலே கெட்ட சேதியோன்னு வாசலுக்கு ஓடுவேன்யா. பயம் தாங்காமதான் நீ ஜெயிச்ச மாதிரியே கத கட்டிக்கினு கெடந்தேன். நீ கல்லுக்கு வெள்ளையா அடிச்சுக்கினு இருந்த?" அக்காவின் குரல் உடைந்தது. மைக் அதையும் மூன்று முறை சொன்னது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுக்கு வா, இட்லி ஆறுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளை அடிக்கக் கிளம்பினால் வாளியைத் தூக்கிக்கொண்டு அக்காவும் கிளம்புவார். மாவு மில் கதையும் மாறிவிட்டது. "எங்க வூட்டுக்காரு காவல் நின்ன எடத்துல ஒரு குண்டூசி காணாம போனதில்ல, தெரியுமா?"

போன வருடம் இருவரும் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள். ஐப்பசி மழையில் எங்கள் தெருக் கற்களெல்லாம் பழைய நிறத்துக்குத் திரும்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்து நானே அடித்தேன். அன்று மாலையே மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலையில் மறுபடியும் அடித்தேன். அவர் இல்லாத தெருவை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.